மரையின் பின்னால் ஓடியவர்கள்

மேலை நாடுகளில் வேட்டைக்கென்று ஒரு பருவம் உண்டு. பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் அது தொடங்கும். மலைச் சரிவுகளில் மானினங்களைத் தேடிச் செல்ல விரும்புவோர் சில மாதங்களுக்கு முன்னரே உடற்பயிற்சியில் இறங்கிவிடுகின்றனர். முதுகிலே பாரத்தைச் சுமந்துகொண்டு படிக்கட்டுகளில் ஏறுகின்றனர்; பாணையும் இனிப்பையும் குறைக்கின்றனர். வயிறு தணிந்த பின்னரே துவக்கு தோளில் ஏறுகின்றது. அண்மையில் இதனை வாசித்தபோது, இது நமது பழைய நூல்கள் சொல்லும் முறைக்கு நேர் எதிரானது என்று எனக்குத் தோன்றியது. வேட்டைக்காக உடலை இளைக்கச் செய்வது இவர்களின் வழி. உடலை இளைக்கச் செய்வதற்காகவும் வேட்டையாடியது அவர்களின் வழி.

இதை எழுத்திலே வைத்தவர்களுள் முக்கியமானவர் கௌடில்யர். அர்த்தசாஸ்திரத்தின் எட்டாம் அதிகரணத்தில், அரசனைக் கெடுக்கும் பழக்கங்களுள் வேட்டை கொடியதா, சூது கொடியதா என்று ஒரு விவாதம் வருகின்றது. வேட்டையே கொடியது என்கின்றார் பிசுனர். கள்வர், பகைவர், யானை, காட்டுத்தீ, பசி, தாகம், திசை தெரியாத மயக்கம் ஆகியவற்றை அவர் காரணமாகக் காட்டுகின்றார். கௌடில்யர் அதை மறுக்கின்றார். வேட்டையிலே உடற்பயிற்சி இருக்கின்றது, கபமும் பித்தமும் கொழுப்பும் நீங்குகின்றன, ஓடும் இலக்கிலும் நிற்கும் இலக்கிலும் கை பழகுகின்றது என்பது அவருடைய வாதம். சூதிலே இவற்றில் ஒன்றும் இல்லையாம். வைத்தியர் சொல்லவேண்டியதை அமைச்சர் சொல்லியிருக்கின்றார்.

காளிதாசரின் சாகுந்தலத்திலும் இதே கருத்து வருகின்றது. இரண்டாம் அங்கத்தில் சேனாபதி துஷ்யந்தனின் உடலைப் பார்த்து வியக்கின்றான். வேட்டையினாலே கொழுப்புக் கரைந்து, வயிறு ஒடுங்கி, உடல் இலேசாகி, முயற்சிக்கு ஏற்றதாகிவிடுகின்றது என்று புகழ்கின்றான். ஆனால் அதே அங்கத்தின் தொடக்கத்தில் விதூஷகன் வந்து புலம்புவதை நாம் மறந்துவிடக் கூடாது. குதிரைச் சவாரியில் மூட்டெல்லாம் நோகின்றது, வேளைக்குச் சோறில்லை, இலை விழுந்து கசக்கும் காட்டாற்று நீரைக் குடிக்க வேண்டியிருக்கின்றது என்பது அவன் முறைப்பாடு. ஐம்பதைக் கடந்தவன் நான். நாற்காலியில் இருந்து செய்திகளைச் செப்பனிட்டு, நள்ளிரவில் வெள்ளவத்தைக் கடையொன்றிலே கொத்துரொட்டி உண்டு வளர்த்த வயிற்றுக்குச் சொந்தக்காரன். ஆகையால் எனது அனுதாபம் முழுவதும் விதூஷகன் பக்கமே.

தமிழிலே இதற்குச் சிறந்த சான்று பெரியபுராணத்துக் கண்ணப்பர் கதை. பக்திக் கண்ணோடு வாசிக்கும்போது நாம் அதில் கவனிக்காமல் விடுகின்ற செய்திகள் பல. உடுப்பூர் வேடர் தலைவன் நாகன் மூப்படைகின்றான். மாதந்தோறும் நடக்கவேண்டிய வேட்டை தவறிப்போக, காட்டு விலங்குகள் புனங்களை அழிக்கின்றன. வேடர்கள் வந்து முறையிடுகின்றனர். முன்போல வேட்டையாடத் தன் உடலுக்கு வலுவில்லை என்று சொல்லி, நாகன் தலைமையை மகனிடம் ஒப்படைக்கின்றான். உடல் தளர்ந்தால் பதவி இல்லை என்ற நியதி அந்த வேடர் குடியிலே இருந்தது. நமது அரசியலிலே அது இல்லை என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மகனின் பெயர் திண்ணன். தூக்கும்போது திண்ணென்று கனத்ததால் இடப்பட்ட பெயர். அந்தக் கனத்த பிள்ளைதான் தனது கன்னி வேட்டையிலே, வலையை அறுத்துக்கொண்டு ஓடிய பன்றியின் பின்னால் நெடுந்தூரம் ஓடினான். வேட்டைக்கு வந்த பெருங்கூட்டத்திலே அவனோடு கூட ஓட முடிந்தவர்கள் நாணன், காடன் என்ற இருவர் மாத்திரமே. களைத்து மரச்செறிவிலே ஒதுங்கிய பன்றியைத் திண்ணன் அம்பினால் எய்யவில்லை; கிட்டச் சென்று உடைவாளினால் கொன்றான். அதன் பின்னரே மூவருக்கும் பசியும் தாகமும் தெரிகின்றன. பொன்முகலி ஆற்றை நோக்கி அவர்கள் நடந்தது தண்ணீருக்காக. ஓடித் துரத்தும் வேட்டையின் இலக்கணம் முழுவதையும் சேக்கிழார் இங்கே தந்துவிட்டார்: விலங்கு ஓடும், மனிதனும் ஓடுவான், இருவரில் எவர் முதலில் களைப்பது என்பதே போட்டி.

இந்தச் செய்திகளைக் கொட்டாஞ்சேனையில் வாழும் நண்பர் ஒருவரிடம் ஆர்வத்தோடு சொன்னேன். பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னிலும் மூத்தவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொழுப்புக் கரைய வேணுமெண்டால் நீர் ஓடும் தம்பி, மானை ஏன் ஓட வைக்கிறீர்?" என்றார். பிழை பிடிப்பதிலேயே காலத்தைக் கழித்தவர் அல்லவா! கௌடில்யருக்கும் சேனாபதிக்கும் சேர்த்து அவர் பிடித்த பிழை அது.

உண்மையில் இந்தக் கேள்வியை இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓர் அரசன் தனக்குத் தானே கேட்டிருக்கின்றான். அசோகனின் எட்டாம் பாறைச் சாசனம், முன்னைய அரசர்கள் வேட்டையும் கேளிக்கையுமாக உல்லாசப் பயணம் போனார்கள் என்றும், தான் முடிசூடிப் பத்தாண்டுகள் சென்றபின் அதற்குப் பதிலாக அறப் பயணம் மேற்கொண்டதாகவும் கூறுகின்றது. அவன் பயணத்தை விடவில்லை. கொலையை மாத்திரம் அதிலிருந்து கழித்தான்.

அந்த மாற்றம் இலங்கைக்கு வந்த விதமும் ஒரு வேட்டையின் நடுவிலேதான். அசோகனின் மகன் என்று மகாவம்சம் கூறும் மகிந்தர் மிகிந்தலைக் குன்றிலே நின்றபோது, தேவநம்பியதீசன் பெரும் பரிவாரத்தோடு கால்நடையாக வேட்டைக்கு வந்திருந்தான். மேய்ந்துகொண்டிருந்த ஆண்மான் ஒன்றைக் கண்டான். கவனமில்லாமல் நிற்கும் விலங்கை எய்வது முறையன்று என்று எண்ணி நாணை ஒலித்தான். மான் மலையை நோக்கி ஓடியது. அரசன் பின்னால் ஓடினான். மேலே மான் மறைந்தது, மகிந்தர் தெரிந்தார். அந்த மலைக்குத்தான் இன்று பொசன் பௌர்ணமியிலே மக்கள் திரள்திரளாக ஏறுகின்றனர். படிகள் 1,840 என்பது வழக்கமான கணக்கு.

பின்னர் வந்த ஆங்கிலேயரின் வேட்டையிலே ஓட்டம் குறைந்து வெடி மிகுந்தது. மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகின்றது. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அரசாங்கமோ யானைத் தலைக்குச் சன்மானம் கொடுத்தது. 1848 க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளும், 1851 க்கும் 1856 க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கின்றார். தலைக்குச் சில சிலிங் கூலி! இதிலே எவருடைய கபம் நீங்கியது, எவருடைய பித்தம் தணிந்தது?

1848 இல் நுவரெலியாவிலே குடியேறிய சாமுவேல் பேக்கரும் யானைகளைச் சுட்டவர்தான். ஆனால் மரை வேட்டையிலே அவர் வழி வேறு. மலைநாட்டுக் காட்டிலும் பள்ளத்தாக்கிலும் குதிரை உதவாது. நாய்களை ஏவிவிட்டு, அவற்றின் குரலைப் பின்பற்றி, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலே கால்நடையாக ஓடி, இறுதியில் மரையைக் கத்தியினால் கொல்வார். சைவமும் தெரியாமல் சேக்கிழாரையும் வாசிக்காமல் அவர் திண்ணனின் முறைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார். 1854 இல் அவர் வெளியிட்ட வேட்டை நூல் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றது. வயிறு பெருத்தவன் அந்த ஓட்டத்திலே முதல் மேட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான்.

பேக்கர் 1855 இல் இலங்கையை விட்டுப் போய்ச் சில ஆண்டுகளின் பின், இலண்டனில் வில்லியம் பான்ரிங் என்ற முதியவர் தமது பருமனைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். வைத்தியர் சொற்படி படகு வலித்துப் பார்த்தாராம். பசிதான் கூடியது, பசியோடு எடையும் கூடியது. பின்னர் வேறொரு வைத்தியர் பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொல்ல, 202 இறாத்தலில் இருந்தவர் ஓராண்டளவில் 46 இறாத்தல் குறைந்தார். உடற்பயிற்சி ஒன்றே போதும் என்ற கௌடில்யரின் நம்பிக்கையை அந்த இலண்டன்காரர் பாதியாக உடைத்துவிட்டார். எனது வைத்தியரும் பான்ரிங்கின் கட்சிதான். நடக்கச் சொன்னார், அதற்கு முன் கொத்துரொட்டியை விடச் சொன்னார்.

இலங்கையில் வேட்டை ஒடுங்கியதற்கு வேட்டைக்காரர்களே ஒரு காரணம் என்பது சுவையான செய்தி. சுடுவதற்கு விலங்கு மிஞ்சாது என்ற அச்சத்தில் அவர்கள் 1894 இல் ஒரு பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். யாலவின் ஒரு பகுதி சில காலம் இலங்கைவாழ் வேட்டைக்காரருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 1937 இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938 இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. பேக்கரின் பெயர் தாங்கிய நீர்வீழ்ச்சி இருக்கும் ஹோட்டன் சமவெளி 1988 இல் அந்த வரிசையிற் சேர்ந்தது.

இப்போது அந்தச் சமவெளியிலே, உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவரும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் பாதையில் கொழும்பிலிருந்து செல்வோர் நடக்கின்றனர். மரீன் டிரைவ் கடற்கரையிலே நாள்தோறும் நடந்து பழகிய வெள்ளவத்தைக்காரர் பலரையும் அங்கே காணலாம். மூச்சு வாங்க நடக்கின்றவர்கள் அவர்கள். மரைகளோ வாகனத் தரிப்பிடத்துக்கு அருகே ஆறுதலாக நிற்கின்றன, ஓடுவதில்லை. உணவு கொடுக்க வேண்டாமென்ற அறிவுறுத்தலையும் மீறிப் பயணிகள் நீட்டும் பிஸ்கட்டைத் தின்னுகின்றன.