ஷாட்ரேக், ஆலன்

பிரிட்டனைச் சேர்ந்த புலனாய்வுப் பத்திரிகையாளர். சிங்கப்பூரின் மரண தண்டனை முறையை ஆராய்ந்து எழுதியதற்காகச் சிறை சென்றவர். சாங்கி சிறையில் பல்லாண்டுகள் தூக்கிலிடும் பணி செய்த தர்ஷன் சிங்கைத் தேடிப்பிடித்துப் பேசவைத்து, 2005இல் ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்றில் எழுதினார். ‘ஒன்ஸ் எ ஜாலி ஹேங்மேன்’ என்ற அவரது நூல் 2010இல் மலேசியாவில் வெளியானது. தமிழ் வாசகர் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி, 2003 செப்டம்பரில் தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழ் இளைஞர் விக்னேஷ் மூர்த்தியின் வழக்கு. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன போதைப்பொருள் தடுப்பு அதிகாரி மீதே அப்போது வேறொரு குற்றச்சாட்டு விசாரணையில் இருந்ததை நூல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஓர் உயிர் சம்பந்தப்பட்ட வழக்கில் இதைவிட முக்கியமான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

சிங்கப்பூரில் நூல் வெளியீடு நடந்த மறுநாள், 2010 ஜூலை 18 அன்று, ஷாட்ரேக் கைதானார். அப்போது வயது 75. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் அவருக்காக வாதாடியவர் வழக்கறிஞர் எம். ரவி. நவம்பரில் ஆறு வாரச் சிறையும் 20,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. நீதித்துறை மீதான மக்கள் நம்பிக்கைக்கு ‘உண்மையான ஆபத்து’ இருந்தால்தான் அவமதிப்பு என்ற அளவுகோலை இவ்வழக்கு நிலைநாட்டியது. ஆனால் அது அவரைக் காப்பாற்றவில்லை. 2011 மே மாதம் மேல்முறையீடு தள்ளுபடியானது. தண்டனை முடிந்து ஜூலையில் நாடு கடத்தப்பட்டார்.