கிடங்கில் வழியில் இலக்கணமும் கற்பனையும்

விதி இறுகினால் படைப்பு மூச்சுத் திணறும் என்று இன்று பலரும் நம்புகிறார்கள். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல் அந்த நம்பிக்கைக்கு நல்ல மறுப்பு. சங்க காலத்தில் கிடங்கில் எனப்பட்ட இவ்வூர், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுக்கு உரியது. அவன்மேல் நல்லூர் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை, 269 அடி.

ஆற்றுப்படையின் அமைப்பைத் தொல்காப்பியம் புறத்திணையியல் முன்பே வகுத்துவிட்டது. கூத்தர், பாணர், பொருநர், விறலியருள் பரிசில் பெற்ற ஒருவர், வழியில் எதிர்ப்பட்ட வறியவருக்குத் தாம் பெற்ற வளத்தைச் சொல்லி வழிகாட்ட வேண்டும். யார், யாரிடம், எதைச் சொல்வது என எல்லாம் முடிவான பிறகு புலவருக்கு மிச்சம் என்ன?

வழிநடைச் சோற்றைப் பாருங்கள். எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த தேறலும் சுட்ட குழல்மீனும். வேலூரில் எயிற்றியர் அட்ட புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். (எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர், வேலூரும் கோட்டை நகரமான வேலூர் அன்று, திண்டிவனப் பக்கத்து உப்புவேலூர் என்பர்.) ஊர், மக்கள், உணவு, முடிவில் 'பெறுகுவிர்' என்னும் வினை: மும்முறையும் ஒரே சட்டகம். நெய்தலும் முல்லையும் மருதமும் அதற்குள் தத்தம் மணத்தோடு வந்து அமர்கின்றன. எண்ணிக்கைக்கு உட்பட்ட விதிகளால் எண்ணற்ற வாக்கியங்கள் பிறக்கின்றன என்று 1957இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி எழுதினார். அதைப் பாட்டளவில் நத்தத்தனார் செய்தே காட்டியிருக்கிறார்.

துணிச்சலும் விதிக்குள்ளேயே நிகழ்கிறது. ஒரு குறுநில மன்னனின் கொடைக்கு முன் மூவேந்தர் தலைநகரங்களான வஞ்சியும் மதுரையும் உறந்தையுமே வறியவை என்கிறார். ஆனால் என்னைக் கட்டிப்போடும் இடம் வேறு. பரிசில் பெற்றவன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான்: கண் திறவாத குட்டிகளுக்குக் கொடுக்கப் பாலின்றிக் குரைக்கும் நாய், கறையான் அரித்த சுவர், குப்பையில் முளைத்து நகத்தால் கிள்ளிய வேளைக்கீரை, உப்பில்லாத வேக்காடு. அதை உண்ணும்போது, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொள்கிறார்கள். வறுமையைப் பாட இலக்கணம் இடம் தந்தது. கதவை அடைக்கச் சொல்லித் தரவில்லை; அது நத்தத்தனாருடையது.

1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பின் இப்பாட்டு எல்லோர் கைக்கும் எட்டியது. விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் 269 அடியையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வகுப்பில் முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். இலக்கண வகுப்பையும் அன்றே வைத்துக்கொள்ளலாம்.