திட்ட மேலாண்மைப் பயிற்சி: முதல் வேலைக்கு எதைப் படிப்பது?

தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்ட ஒரு வேலையைச் சொன்ன நாளுக்குள், ஒதுக்கிய பணத்துக்குள் முடித்துக் கொடுக்கும் முறைகளைக் கற்றுத் தருவது திட்ட மேலாண்மைப் பயிற்சி. இதில் மேலாளர் நாற்காலி யாருக்கும் முதல் நாளே கிடைப்பதில்லை. ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர், பி.எம்.ஓ. அனலிஸ்ட், கட்டுமானத் துறையில் பிளானிங் இன்ஜினியர் என்ற பெயர்களில்தான் வாசல் திறக்கிறது. உள்ளே போனால் கால அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டும், கூட்டக் குறிப்பு எழுத வேண்டும், யார் எதை என்றைக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார் என்று விடாமல் கேட்க வேண்டும், வரக்கூடிய சிக்கல்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு பயிற்சி இவற்றைக் கையால் செய்ய வைக்கிறதா என்பதே அதை எடைபோடும் முதல் அளவுகோல்.

கால அட்டவணை எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு சிறு கணக்கில் புரியும். வீடு கட்டுவதில் அஸ்திவாரத்துக்கு 20 நாள், சுவருக்கு 25 நாள், தளத்துக்கு 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஆக 65 நாள். தச்சர் பட்டறையில் கதவுகள் செய்ய 40 நாள் ஆகும். வேலை தொடங்கிய அன்றே அவரிடம் சொல்லியாகிவிட்டது, தளம் முடிந்த பிறகே மாட்டப் போகிறார்கள். தச்சர் பத்து நாள் தாமதித்தாலும் வீடு தாமதமாகாது. அவருக்கு 25 நாள் இடைவெளி இருக்கிறது. தளம் ஒரு நாள் தள்ளிப்போனால் மொத்த வேலையும் ஒரு நாள் தள்ளிப்போகும். அந்த 65 நாள் சங்கிலிக்குத்தான் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று பெயர். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் இந்தக் கணக்குமுறை உருவானது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்ற இதேபோன்ற முறையைக் கண்டது. காகிதத்தில் இந்தக் கணக்கைப் போடத் தெரியாமல் மென்பொருளை மட்டும் அழுத்தப் பழகியவர், தேதி மாறும்போது ஏன் மாறியது என்று சொல்ல முடியாமல் நிற்பார்.

தமிழில் ‘சான்றிதழ்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களைச் சுமக்கிறது. விளம்பரங்களில் இந்தக் குழப்பம் நன்றாகவே விலைபோகிறது. வகுப்பை முடித்ததற்காகப் பயிற்சி நிலையம் தரும் தாள் ஒன்று. வெளி அமைப்பு தேர்வு வைத்துத் தரும் தகுதிச் சான்று மற்றொன்று. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி: தேர்வை நடத்துவது யார்?

இந்தத் துறையில் பெரிதும் அறியப்பட்ட அமைப்பு 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.எம்.ஐ. 1984இல் அது அறிமுகப்படுத்திய பி.எம்.பி. சான்றுக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. ஆனால் கல்லூரியை இப்போதுதான் முடித்தவருக்கு அது உரியதல்ல. பட்டதாரிகளுக்குத் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும், 35 மணிநேரப் பயிற்சியும் இருந்தால்தான் விண்ணப்பமே ஏற்கப்படும். அனுபவமில்லாதவருக்கு ‘பி.எம்.பி. கோச்சிங்’ விற்பவர் இதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். தொடக்கநிலையினருக்கென அதே அமைப்பு வைத்திருப்பது ‘கேப்ம்’ தேர்வு: பள்ளிப்படிப்பு முடித்திருந்து, 23 மணிநேரத் திட்ட மேலாண்மைப் பாடம் கேட்டிருந்தால் போதும். மூன்று மணிநேரத்தில் 150 கேள்விகள். 2023இல் மாற்றியமைத்த பாடத்திட்டத்தில், வேலையைச் சிறு சுற்றுகளாகச் செய்து அவ்வப்போது திருத்திக்கொள்ளும் ‘அஜைல்’ முறைகளுக்கும், வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன தேவை என்று கண்டறியும் பிசினஸ் அனாலிசிஸுக்கும் கணிசமான இடம் கிடைத்திருக்கிறது. பழைய பதிப்புப் புத்தகத்தை மலிவாக வாங்கிப் படிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

கையில் பணம் குறைவு என்றால் வழி அடைபட்டுவிடவில்லை. 2021இல் கூகுள் கோர்செரா தளத்தில் தொடங்கிய திட்ட மேலாண்மைப் படிப்பு முன் அனுபவம் எதையும் கேட்பதில்லை. அதன் நிறைவுப் பகுதி, சாஸ் அண்ட் ஸ்பூன் என்ற கற்பனை உணவகத்தின் மேசைகளில் டேப்லெட் பொருத்தும் திட்டத்தை மாணவரின் கையில் கொடுத்து ஆவணங்களை எழுத வைக்கிறது. சான்றிதழைவிட, அங்கே எழுதிய ஆவணங்களே நேர்முகத் தேர்வில் எடுத்துக்காட்ட உதவும். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களிலும் திட்ட மேலாண்மை உண்டு. கேட்பதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். கணக்கு வலுவாக வேண்டுமென்றால் இந்தப் பாடங்கள் நல்லவை.

எந்தத் துறைக்குள் நுழையப் போகிறார் என்பதைப் பொறுத்து மற்றவை மாறும். சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர விரும்புபவருக்கு, அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் தெரிந்திருக்க வேண்டும். பணிகளைப் பின்தொடரும் ஜிரா மென்பொருளைப் பழகியிருப்பது கூடுதல் பலம். ஸ்க்ரம் சான்றுகளில் இரண்டு பரவலானவை. ஸ்க்ரம் அலையன்ஸின் சி.எஸ்.எம். பெற, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளரிடம் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஸ்க்ரம் டாட் ஆர்க் அமைப்பின் பி.எஸ்.எம். முதல்நிலைக்கு வகுப்பு கட்டாயமில்லை. ஒரு மணிநேரத்தில் 80 கேள்விகள், தேர்ச்சிக்கு 85 சதவீதம், காலாவதி கிடையாது. தானே படிக்கும் பழக்கமுள்ளவருக்கு இரண்டாவதே சிக்கனம்.

சிவில் பட்டதாரியின் கதை வேறு. மெட்ரோ, மேம்பாலம், மின்நிலையம் போன்ற பெரிய வேலைகளில் அட்டவணை ஆரக்கிளின் பிரைமவெரா பி6 மென்பொருளில்தான் பெரும்பாலும் போடப்படுகிறது. வளைகுடா நாடுகளின் பிளானிங் இன்ஜினியர் விளம்பரங்களும் அதைப் பெயர் சொல்லியே கேட்கின்றன. இவர் ஸ்க்ரமுக்குச் செலவழிக்கும் பணத்தை பி6 பயிற்சிக்குத் திருப்புவது நல்லது. பிரிட்டனில் வேலை தேடுபவருக்கு அங்கே பிறந்த பிரின்ஸ்2 முறையின் ஃபவுண்டேஷன் தேர்வு பொருந்தும். அதற்கு முன் அனுபவம் தேவையில்லை.

பயிற்சி நிலையத்தைப் பார்க்கப் போகும்போது கட்டண விவரத்தோடு நின்றுவிடக் கூடாது. மாணவர்கள் செய்து முடித்த ஓர் அட்டவணையைக் காட்டச் சொல்ல வேண்டும். பாடம் நடத்துபவர் எந்தத் திட்டத்தில், என்ன பொறுப்பில் இருந்தார் என்று கேட்க வேண்டும். பி.எம்.ஐ. தனது அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலை இணையத்திலேயே வைத்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று பலகை வைத்திருந்தால், அந்த உத்தரவாதம் ரசீதில் எழுத்தாக வருமா என்று கேட்டுப் பார்ப்பது தவறில்லை. பலருடைய பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் அது.

தேர்வில் வென்ற பிறகும், கேப்ம் சான்றைத் தக்கவைக்க மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 மணிநேரம் தொடர்கல்வி கற்க வேண்டும். அதை நடப்பில் வைத்திருப்பவர், போதிய அனுபவம் சேர்ந்தபின் பி.எம்.பி.க்கு விண்ணப்பித்தால், 35 மணிநேரப் பயிற்சி நிபந்தனையை நிறைவுசெய்தவராகவே கொள்ளப்படுவார்.