மறைந்த படக்கொட்டகைகளின் வரலாறு

கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு, குளத்துக்கும் உண்டு. நம் பெற்றோர் மணற்றரையிலமர்ந்து படம் பார்த்த கொட்டகைகட்கோ அஃது இல்லை. ஆதலின் அவற்றின் வரலாறு ஆராயப் புகுவார் வேறு சான்றுகளை நாடல் வேண்டும்.

கோயம்புத்தூரையே நோக்குவோம். இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார் 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊரூராய்ப் பேசாப்படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலைத்த கொட்டகையை எழுப்பினார். பின்னர் டிலைட் எனப் பெயர் மாறிய அக்கட்டடம் நூறாண்டு கடந்தபின் இடிபட்டொழிந்தது. ஆயினும் அத்தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே வழங்குகின்றது. தெருப்பெயரே ஈண்டுக் கல்வெட்டாயிற்று! சென்னை மவுண்ட் ரோட்டு எலெக்ட்ரிக் தியேட்டரோ தபாலாபீசார் கைப்பட்டமையால் உயிர் பிழைத்தது.

அடுத்தன துண்டு விளம்பரங்கள். படம் வெளிவந்த ஆண்டைக் கொண்டு கொட்டகையின் ஆண்டைக் கணித்தல் பொருந்தாது. பெருநகரங்களில் ஓடித் தேய்ந்த சுருள்களே சிற்றூர்க் கொட்டகைகட்குக் காலந்தாழ்ந்து வந்தன. ‘வெள்ளிக்கிழமை முதல்’ என்றிருக்குமேயன்றி ஆண்டு குறியாத தாள்களும் பல. இவ்வையத்தைத் தீர்ப்பது லைசென்சுப் பத்திரமேயாம். 1918-ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டப்படி ஜில்லா மாஜிஸ்டிரேட்டு அதனை வழங்கினர்.

நம் அங்கத்தினர் இல்லங்களில் அத்தகைய தாள்களோ பாட்டுப் புத்தகங்களோ இருப்பின், எடைக்குப் போடாது, ஊரும் கொட்டகையும் பின்புறத்தே பென்சிலாற் குறித்து வைக்க வேண்டுகின்றோம். டிக்கட்டுக் கிழித்தாரும் இயந்திரம் ஓட்டினாரும் எண்பது கடந்து வருகின்றனர். தாள்களினும் முன்னர் அவரைக் கேட்டல் வேண்டும்.