சருகு சுமந்தவளும் காப்பு போட்ட குருவியும்

என் அப்பாயியின் சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசுகளோடு ஒரு சின்ன அலுமினிய வளையமும் கிடந்தது. குழந்தையின் சுண்டுவிரலில்கூட ஏறாது. வேதாரண்யம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், பாத்தி ஓரம் செத்துக் கிடந்த ஓர் உள்ளானின் காலிலிருந்து கழற்றியதாம். "குருவிக்கு யாரோ காப்பு போட்டு வுட்டிருக்காங்க பாரு" என்று எல்லோருக்கும் காட்டுவார். அதில் பொடிப்பொடியாக ஆங்கில எழுத்துகள் இருந்தன. கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அவற்றை உட்கார்ந்து வாசித்தேன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்று இருந்தது. பக்கத்தில் பாதி தேய்ந்துபோன ஓர் எண். அப்பாயிக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அவர் யாருக்கும் தெரிவிக்கவில்லை.

குருவிக்கு ஏன் காப்பு போட்டார்கள் என்று தேடப் போய்த்தான் கியாசனூர் என்ற பெயரை முதன்முதலில் படித்தேன். கோடியக்கரைக்கும் அந்த ஊருக்கும் அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் இருக்கும். ஆனால் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1957ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கம். அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டம், சொரபா தாலுகா. கியாசனூர் காட்டில் குரங்குகள் மரத்திலிருந்து விழுந்து செத்தன. கருத்த முகமுடைய மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் சாகச் சாக, காட்டை ஒட்டிய ஊர்களில் மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. தலை பிளக்கும் வலி, தசைகளில் தாங்க முடியாத நோவு, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம். ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் மங்கன காயிலெ, அதாவது குரங்கு நோய். மருத்துவர்கள் வந்து நோய்க்குப் பெயர் தேடுவதற்கு முன்பே, குரங்கின் சாவும் மனிதரின் காய்ச்சலும் ஒன்றுதான் என்று ஊர் சொல்லிவிட்டது.

செய்தி பூனாவுக்குப் போனது. அங்கே வைரஸ் ஆராய்ச்சி மையம் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952இல் தொடங்கியது அது. கொசு, உண்ணி போன்றவற்றால் பரவும் வைரஸ்களைத் தேட பிரேசில், டிரினிடாட், தென்னாப்பிரிக்கா என்று உலகம் முழுக்க ராக்பெல்லர் பணம் ஆய்வகங்களை எழுப்பிக்கொண்டிருந்த காலம். பூனா மையத்தின் இயக்குநர் டெல்ஃபோர்ட் வொர்க் என்ற அமெரிக்கர். அவருக்கு முதலில் வந்த அச்சம் மஞ்சள் காய்ச்சல். குரங்கும் மனிதரும் சேர்ந்து சாகும் அந்த நோய் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. ஆசியாவுக்குள் அது பரவியதே இல்லை. வந்தால் என்ன ஆகும் என்ற நடுக்கத்தில்தான் அவ்வளவு வேகமாக ஜீப்புகள் புறப்பட்டன என்று நினைக்கிறேன்.

வந்தது மஞ்சள் காய்ச்சல் அல்ல. பிரித்தெடுத்த வைரஸ், சோவியத் நாட்டில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவுமுறை. உடனே அடுத்த கேள்வி: சைபீரியாவின் சொந்தக்கார வைரஸ் மலநாட்டுக் காட்டுக்கு எப்படி வந்தது? பறவைகள் கொண்டுவந்திருக்குமோ? குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பறவைகளின் உடலில் உண்ணி ஒட்டிக்கொண்டு வரலாம் அல்லவா? இந்தச் சந்தேகம்தான் சலீம் அலிக்கு வழி திறந்தது. பறவைகள் வலசை போகும் தடங்களை அறிய அவர் வெகுநாள் ஆசைப்பட்டிருந்தார்; பணம்தான் இல்லை. உலக சுகாதார அமைப்பு பணம் தந்தது. பின்னர் அமெரிக்க ராணுவத்தின் மருத்துவ ஆராய்ச்சிப் பணத்தில், பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்டு எலியட் மெக்ளூர் என்பவர் ஆசியா முழுக்க நடத்திய வலசைப் பறவை ஆய்வோடும் பம்பாய்க் கழகம் சேர்ந்துகொண்டது. பறவைகளைப் பிடித்து, வளையமிட்டு, சிலவற்றின் இரத்தத்தையும் உண்ணியையும் எடுத்து, பறக்கவிட்டார்கள். வளையமிடும் முகாம்கள் நடந்த இடங்களில் எங்கள் கோடியக்கரையும் ஒன்று.

பறவைகள் குற்றவாளிகள் என்று நிரூபணமாகவில்லை. பறவைகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டோம், அதுவரை லாபம்.

இதற்கிடையே காட்டில் நடந்த வேலைதான் என்னை வியக்க வைத்தது. ஹரால்ட் டிராபிடோவும் அவருடைய இந்திய சகாக்களும் (அவர்களில் ஒருவரான பி.கே. ராஜகோபாலன் பிற்காலத்தில் புதுச்சேரியின் கொசு ஆராய்ச்சி மையத்துக்கு இயக்குநரானார்) நோயைக் கடத்துவது ஓர் உண்ணி என்று கண்டார்கள். மழை ஓய்ந்ததும் அதன் குஞ்சுகள் சருகில் பெருகுகின்றன. டிசம்பர் முதல் மே வரை, கடுகளவு இளம் உண்ணிகள் காத்திருந்து, கடந்து போகும் எதன்மீதும் ஏறிக்கொள்கின்றன. குரங்கு செத்து விழுந்தால் அதன் உடலிலிருந்து உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவுகின்றன. அந்த இடமே பொறியாகிறது. முதிர்ந்த உண்ணிக்கு மாடு போதும். மாட்டுக்கு நோய் வராது, ஆனால் மாட்டின் இரத்தத்தில் உண்ணிக் கூட்டம் பெருகும். ஹோர்ஹே பொஷெல் என்ற கொலம்பிய நாட்டவர் இங்கே வந்து வேலை செய்தார். தன் நாட்டுக் காடுகளில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்தவர் அவர். மரம் வெட்டி வீழ்த்தும்போது உச்சியில் இருந்த கொசு மரத்தோடு தரைக்கு வருவதைப் பார்த்தவர். மலநாட்டில் அவர் சொன்னது இதுதான்: காட்டை வெட்டினார்கள், வயலாக்கினார்கள், மாட்டை உள்ளே ஓட்டினார்கள், எங்கோ அடங்கிக் கிடந்த வைரஸ் ஊர் வாசலுக்கு வந்துவிட்டது. 1969இலேயே இதை எழுதிவிட்டார்.

உண்ணியை எப்படி எண்ணினார்கள் தெரியுமா? ஒரு துணியைச் சருகின்மேல் இழுத்துக்கொண்டு போவார்கள். உண்ணி துணியில் ஏறிக்கொள்ளும். நின்று, பொறுக்கி, குப்பியில் போட்டு எண்ணுவார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சேலை கட்டிய ஒரு பெண் காட்டுக்குள் நடந்தால் அவளுடைய முந்தானையும் கொசுவமும் செய்வது இதே வேலைதானே?

மலநாட்டில் பாக்குத் தோப்புகளுக்குச் சருகும் தழையும் வேண்டும். மாட்டுக் கொட்டிலில் பரப்பவும் வேண்டும். சாணமும் சிறுநீரும் ஊறிய சருகு பிறகு எருவாகிப் பாக்கு மரத்தடிக்குப் போகும். தழைக்கென்றே தோப்புக்காரர்களுக்கு ஒதுக்கிய காட்டுப் பகுதிக்குச் சொப்பின பெட்டா என்று பெயர். சருகு கூட்டுவது வெயில் காலத்து வேலை, அதாவது உண்ணியின் காலத்து வேலை. குனிந்து கூட்டி, கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து வருபவர்களில் பெண்கள் நிறையப் பேர். விறகும் அப்படித்தான். நான் படித்த அந்தக் காலத்து ஆய்வுக் கட்டுரைகளில் உண்ணியின் ஒவ்வொரு பருவமும், குரங்குக் கூட்டம் நடமாடும் எல்லையும், காட்டெலியின் இரத்தமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள் பலருக்கே அந்தக் காய்ச்சல் வந்திருக்கிறது. ஆனால் சருகு சுமப்பவள் அங்கே 'காட்டுக்குள் போகும் கிராமத்தவர்' என்பதற்குள் அடங்கிவிடுகிறாள். அவள் எந்த மாதத்தில், யாருடைய தோப்புக்கு, எத்தனை கட்டு, என்ன கூலிக்குச் சுமந்தாள் என்று கேட்டவரை நான் இன்னும் அந்தக் கோப்புகளில் சந்திக்கவில்லை.

ஆய்வகத்தில் ஒரு பெண் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கொர்ஷெட் பவ்ரி. பூனா மையத்தில் வளர்ந்த வைரஸ் விஞ்ஞானி. அந்த மையம் 1978இல் தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிறுவனமானபோது தலைமைக்கு வந்தார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண். கியாசனூர் நோயாளிகளின் உடலில் என்னென்ன நடக்கிறது என்று விரிவாக எழுதியவர். நம் மாணவிகளுக்கு அவர் பெயர் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

பணத்தின் கதை வேறு திசையில் போனது. 1970 வாக்கில் ராக்பெல்லர் விலகிக்கொண்டது. அதே காலத்தில் டெல்லியைச் சுற்றிக் கொசுக்களை மலடாக்கிப் பறக்கவிடும் ஒரு திட்டம், உலக சுகாதார அமைப்பின் பெயரில், அமெரிக்கப் பணத்தில் நடந்தது. அந்தப் பணமும் டாலராக வந்ததல்ல. பொதுச் சட்டம் 480 என்ற ஏற்பாட்டில் இந்தியா வாங்கிய கோதுமைக்கு ரூபாயாகவே விலை கொடுத்தது. அந்த ரூபாய் அமெரிக்கக் கணக்கில் இங்கேயே சேர்ந்து கிடந்தது. சுற்றி வளைத்துப் பார்த்தால் ரேஷன் கடையில் பையோடு நின்ற பெண்களின் காசும் அதில் இருக்கிறது. 1974இல் பி.டி.ஐ. செய்தி நிறுவனம் கேள்வி எழுப்பியது: இந்த ஆய்வுகளின் முடிவு கிருமி யுத்தத்துக்குப் பயன்படாதா? 1975இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கொசுத் திட்டத்தையும் பறவைத் திட்டத்தையும் ஒன்றாக வைத்து விசாரித்து, கடுமையாகக் கண்டித்தது. கொசுத் திட்டம் மூடப்பட்டது. குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை என்பது இன்னும் விவாதம்தான். யாருடைய பணம், தரவு யாருக்கு என்று நாடாளுமன்றம் கேட்டது சரியான கேள்வி என்பதே என் கருத்து. ஆனால் அந்த விவாதத்திலும் இரு தரப்பாக இருந்தவை இரண்டு அரசுகள் மட்டுமே.

உண்ணி எதற்கும் காத்திருக்கவில்லை. 1982-83இல் தெற்கே பெள்தங்கடி தாலுகாவில் முந்திரித் தோட்டம் போடக் காட்டை வெட்டினார்கள். காய்ச்சல் வெடித்தது: 1,555 பேர் நோயுற்றார்கள், 150 பேர் இறந்தார்கள். மார்க் நிக்டர் என்ற மானிடவியலாளர் 1987இல் எழுதிய கட்டுரையில் இதை 'வளர்ச்சியின் நோய்' என்றே அழைத்தார். காட்டை வெட்டியதால் பூதங்கள் கோபித்துக்கொண்டன என்று ஊர்க்காரர்கள் சொன்னதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். பொஷெல் சொன்னதையும் பூதத்தின் கோபத்தையும் அருகருகே வைத்தால், இரண்டும் கைகாட்டுவது வெட்டிய மரத்தைத்தான்.

பிறகு இந்த அறிவுக்குப் புதுப் பெயர் வந்தது. 2004இல் நியூயார்க்கில், ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டில் 'ஒரே உலகம், ஒரே நலம்' என்ற முழக்கமும் பன்னிரண்டு மன்ஹாட்டன் கோட்பாடுகளும் பிறந்தன. 'ஒன் ஹெல்த்' என்று இப்போது எல்லா ஆவணங்களிலும் வரும் சொல் அது. இன்று உலக சுகாதார அமைப்பு, உணவு வேளாண்மை அமைப்பு, உலக விலங்கு நல அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆகிய நான்கும் அதன் பெயரால் கைகோத்திருக்கின்றன. 2022இல் உலக வங்கியில் 'பெருந்தொற்று நிதி' உருவானது. அதிலிருந்து இந்தியாவின் கால்நடைத் துறைக்கு 2.5 கோடி டாலர் திட்டம் 2024இல் தொடங்கியது. கியாசனூர் காய்ச்சலுக்கும் ஒரு நல்ல கூட்டு முயற்சி வந்தது. பெதன் பர்ஸ் என்ற பெண் விஞ்ஞானி தலைமையில் பிரிட்டிஷ், இந்திய நிறுவனங்கள் சேர்ந்து, மலநாட்டு மக்களோடும் துறைகளோடும் உட்கார்ந்து பேசி ஆபத்து வரைபடம் தயாரித்தன. அதற்குப் பணம் தந்த பிரிட்டிஷ் நிதிதான் 2021இல் வெளிநாட்டு உதவியை அந்நாடு குறைத்தபோது வெட்டுப்பட்டது. இப்படித்தான் ஒவ்வொரு முறையும். அங்கே பயம் வந்தால் இங்கே பணம் வரும். அங்கே பட்ஜெட் இறுகினால் இங்கே களம் காலி. இங்குள்ள அரசும் பெரிதாக மாறிவிடவில்லை. பல்லாண்டு போட்டுவந்த தடுப்பூசி போதிய பலன் தரவில்லை என்று 2022இல் நிறுத்தப்பட்டது; புதியது இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. நோய் வந்தால் இன்றும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள்.

2018 டிசம்பர் முதல் சாகர் தாலுகாவின் அரலகோடு பகுதியில் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, மலநாட்டில் ஓர் ஊருக்குக் கன்னடம் தெரிந்த தோழியோடு போனேன். ஷராவதியின் குறுக்கே 1964இல் எழுந்த லிங்கனமக்கி அணையில் ஊர் மூழ்கி, காட்டோரம் குடியேறிய குடும்பங்கள் அந்தப் பக்கம் பல. எங்களை அழைத்துப்போனவர் ஓர் ஆஷா பணியாளர். மாதச் சம்பளக்காரர் இல்லை, மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும்தான். கையில் உண்ணி விரட்டும் எண்ணெய்க் குப்பிகள். காட்டுக்குப் போகுமுன் கைகாலில் பூசிக்கொள்ளுங்கள், வந்ததும் வெந்நீரில் குளியுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு வீட்டில் வயதான அம்மா எண்ணெயை வாங்கி முகர்ந்து பார்த்தார். "காலையில பூசுனா வேர்வையில பத்து மணிக்கே போயிடும். கட்டு சேர சாயங்காலம் ஆகும். அப்புறம்?" என்றார். வெந்நீருக்கு விறகும் அதே காட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று சிரித்தார். அவருடைய மருமகள் இரண்டு வருடம் முன்பு காய்ச்சலில் படுத்து எழுந்தவர். இன்னும் கட்டைத் தூக்கினால் தலை சுற்றுகிறது, கூலி பாதிதான் என்றார். நோயிலிருந்து எழுந்தவளின் பாதிக் கூலி எந்தக் கணக்கில் வரும் என்று தோழியிடம் கேட்டேன். அவள் அதை மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும் வழியில் ஆஷா அக்காவிடம், குரங்கு செத்துக் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நடந்துகொண்டே போனைத் திறந்து காட்டினார். மூன்று எண்களைச் சேர்த்து வைத்திருந்தார்: ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவர், வனக் காவலர். முதலில் ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவரைக் கூப்பிடச் சொல்வார்களாம். அதனால் இப்போது மூவரையும் வரிசையாகக் கூப்பிட்டுவிடுகிறார். அவர்கள் வந்து பிணத்தை எடுத்து எரித்து, சுற்றிலும் மருந்து தூவும்வரை மாடும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போகாமல் இவர் காவல் நிற்க வேண்டும்.

"ரீசார்ஜ் யார் பணம்?" என்று கேட்டேன்.

"நம்ம பணம்தான்" என்றார்.