கலப்பினால் வாழ்ந்த மரம்: பேரீத்தத்தின் மேற்கு நோக்கிய பயணம்

ஒரு தாவரம் தான் தோன்றிய மண்ணை விட்டு நெடுந்தொலைவு சென்று வேரூன்றும்போது, பழைய இயல்போடு அப்படியே நிலைக்கிறதா, அல்லது புகுந்த மண்ணுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறதா? தாவரவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாவுக்குப் பேரீத்த மரத்தின் வரலாறு தெளிவானதொரு விடையைத் தருகிறது. அவ்விடையின் ஒரு பகுதி அரபுச் சொற்களிலும், மறுபகுதி அண்மைக்கால மரபணு ஆய்வுகளிலும் பொதிந்திருக்கிறது.

பேரீத்தத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இம்மரம் இரு வழிகளில் பெருகும். தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றைப் பிரித்து நடுவது ஒரு வழி. அக்கன்றை அரபியர் ‘ஃபஸீலா’ என்பர். கொட்டையை ஊன்றி வளர்ப்பது மற்றொரு வழி. கன்று தாயின் மறுபதிப்பு. அதே பழம், அதே சுவை. கொட்டையிலிருந்து எழுவதோ தாயையும் ஒவ்வாது, தந்தையையும் ஒவ்வாது. அவற்றுள் ஏறக்குறையப் பாதி ஆண் மரங்களாகிவிடும். எனவே நற்பழம் விரும்பிய உழவர் கன்றையே நாடினர். ஒரே வேரிலிருந்து கிளைத்து நிற்கும் மரங்களைக் குறிக்கும் ‘ஸின்வான்’ என்ற சொல் திருக்குர்ஆனின் அர்-ரஅது அத்தியாயம் 4 ஆம் வசனத்தில் இடம்பெறுகிறது. ஒரே நீர் பாய்ந்தும் கனிகள் சுவையில் வேறுபடுவதை அவ்வசனம் சிந்தனைக்கு உரியதாக்குகிறது. ஹிஜ்ரி 3 ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த மொழியறிஞர் அபூ ஹாத்திம் அஸ்-ஸிஜிஸ்தானி இம்மரத்துக்கென்றே தனிநூல் இயற்றினார் என்பது, இத்துறையில் அரபியர் கொண்டிருந்த ஈடுபாட்டைக் காட்டும்.

மனிதர் பேரீத்தம் உண்டதற்கான மிகப் பழைய சான்றுகள் வளைகுடாப் பகுதியில் கிடைத்துள்ளன. அபூதபியைச் சார்ந்த தல்மா தீவில் கண்டெடுக்கப்பட்ட கொட்டைகள் ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் பழமையானவை. காட்டு நிலையிலேயே வாழும் பேரீத்த மரங்கள் ஓமன் மலைப்பகுதியில் இருப்பதை 2017 இல் வெளியான ஆய்வொன்று உறுதிசெய்தது. மரத்தின் தாயகம் கீழ்த்திசையே என்பதற்கு இவை வலுவூட்டுகின்றன.

அதை மேற்கே கொண்டு சென்றவர்கள் முஸ்லிம்களே என்று எழுதுவோர் உண்டு. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. லிபியாவின் ஃபஸ்ஸான் பாலைவனத்தில் வாழ்ந்த கராமந்தியர் கி.மு. முதல் ஆயிரத்தாண்டிலேயே பேரீத்தம் பயிரிட்டனர். முஸ்லிம்கள் கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் மக்ரிபை அடைந்தபோது மரம் அவர்களுக்கு முன்பே அங்கு நின்றது. அவர்களது பங்கு வேறு, அதுவும் சிறிதன்று. வாய்க்கால் வெட்டினர், தோப்புகளை விரித்தனர், இப்னுல் அவ்வாம் போன்றோர் வேளாண் நூல்கள் யாத்தனர். ஸ்பெயினில் 38 பாகை வட அகலாங்கில் நிற்கும் எல்ச்சே நகரப் பேரீத்தத் தோப்பு அவ்வுழைப்பின் சான்றாகும். யுனெஸ்கோ 2000 இல் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அவ்வாறாயின் முஸ்லிம்கள் மக்ரிபில் கண்ட மரம் வளைகுடாவின் அதே மரந்தானா? அன்று என்கிறது 2019 இல் வெளிவந்த மரபணு ஆய்வு. கிரீட் தீவிலும் துருக்கியின் தென்மேற்குக் கரையிலும் காட்டுப் பேரீத்தம் ஒன்று வளர்கிறது. அதன் கனி சிறியது, நாருடையது, உண்ணச் சிறப்பற்றது. வட ஆப்பிரிக்கப் பேரீத்தங்களின் மரபணுத் தொகுதியில் 18 விழுக்காடு வரை இக்காட்டு இனத்தோடு தொடர்புடையதாக இருக்கிறது. எகிப்தின் ஸக்காராவில் கிடைத்த, சுமார் 2,100 ஆண்டுப் பழமையான பேரீத்த ஓலையிலும் அக்கலப்பு இருந்ததை 2021 இல் ஆய்வாளர் கண்டனர். நம் நாட்டு ஈச்ச மரத்தின் சாயலும் சிறிதளவு அதில் தென்பட்டது. மேற்கே சென்ற மரம் அங்கிருந்த உறவினங்களோடு கலந்தது. அதனால் கீழ்த்திசை மரங்களைவிட மக்ரிப் மரங்களில் மரபு வளம் மிகுந்தது. இக்கலப்பு கொட்டையின் வழியே நிகழ்ந்ததேயன்றிக் கன்றின் வழியே நிகழ்ந்திருக்க முடியாது.

கன்றையே நம்பியதன் விலையைப் பிற்கால வரலாறு காட்டிற்று. மொரோக்கோவின் தர்ஆ பள்ளத்தாக்கில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பூஞ்சை நோய் தோன்றியது. ஓலை வெளுத்துக் காய்வதால் மக்கள் அதனை, வெண்மையைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து, ‘பையூழ்’ என்றழைத்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அந்நாடு ஒரு கோடி அளவிலான மரங்களை அதற்குப் பறிகொடுத்தது. புகழ்பெற்ற மஜ்ஹூல் இரகமே பெரிதும் வீழ்ந்தது. ஒரு மரம் நோய்க்கு எளிதில் இரையாகுமாயின் அதன் மறுபதிப்புகள் அனைத்தும் இரையாகும். 1927 இல் பூதனீப் சோலையிலிருந்து 11 கன்றுகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அவற்றுள் 9 பிழைத்தன. இன்று அந்நாட்டில் விளையும் மஜ்ஹூல் அச்சிறு குடும்பத்தின் வழித்தோன்றலே. ரமளானில் நாம் விரும்பி வாங்கும் அப்பெரும்பழத்தின் அடித்தளம் இத்துணைக் குறுகியது.

மொரோக்கோவுக்கு மீட்சி எங்கிருந்து வந்தது? சோலைகளின் ஓரத்தில் கொட்டையிலிருந்து தாமே முளைத்து, பெயரும் விலையுமின்றி நின்ற மரங்களை அந்நாட்டு உழவர் ‘கல்த்’ என்பர். கலப்பு என்பது அதன் பொருள். நோய் தாக்கிய தோப்புகளிலும் அவற்றுட் சில பட்டுப்போகாமல் நின்றன. மொரோக்கோ வேளாண் ஆய்வு நிறுவனம் அவற்றைத் தேர்ந்து ஆராய்ந்து, நோயைத் தாங்குவதும் நற்கனி தருவதுமான ஓர் இரகத்தைக் கண்டெடுத்துப் பரப்பிற்று. அதற்குச் சூட்டிய பெயர் ‘நஜ்தா’. உதவி, மீட்பு என்று பொருள்படும்.

சிறந்ததைக் காக்கக் கன்று வேண்டும். வருங்காலத்தைச் சந்திக்கக் கொட்டை வேண்டும். வெப்பமும் வறட்சியும் நோயும் மிகுந்துவரும் இந்நாளில், சந்தையில் விலைபோகும் நாலைந்து இரகங்களுக்காகக் ‘கல்த்’ மரங்களை வெட்டி எறிவது, பல்லாயிரம் ஆண்டுப் பயணத்தில் அம்மரம் ஈட்டிய செல்வத்தையே அழிப்பதாகும்.