பெயர் சொல்லாத கார்டு

கல்பாக்கத்தில் 2004-இல் கட்டத் தொடங்கிய முன்மாதிரி அதிவேக ஈனுலை 500 மெகாவாட் திறன் கொண்டது. அதன் மையத்தில் 181 எரிபொருள் கட்டுகள். அவற்றின் வழியே மேலேறி வரும் திரவ சோடியத்தின் வெப்பநிலையைத் தெர்மோகப்பிள்கள் அளக்கின்றன; அந்த அளவுகளை மூன்று கணினிகள் தனித்தனியே படிக்கின்றன. மூன்றில் இரண்டு 'ஆபத்து' என்றால் உலை நின்றுவிடும். இவ்வளவு பொறுப்பான வேலைக்கு இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் தேர்ந்தெடுத்தது, கணினியின் கார்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பொதுத் தடமான வி.எம்.இ. பஸ்ஸை. நம் மேசைக் கணினிகளில் அதை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

வி.எம்.இ. 1981-இல் பிறந்தது. மோட்டரோலா தன் 68000 சில்லுக்காக வெர்சாபஸ் என்ற ஒன்றை வைத்திருந்தது. அதன் கார்டுகள் மிகப் பெரியவை. அந்நிறுவனத்தின் ஐரோப்பியப் பொறியாளர்கள் அதே மின்தடங்களை 'யூரோகார்டு' என்ற சிறிய, உறுதியான அட்டையில் பொருத்தினார்கள். மாஸ்டெக், சிக்னெடிக்ஸ் நிறுவனங்களும் சேர்ந்துகொள்ள, யார் வேண்டுமானாலும் கார்டு செய்யலாம் என்ற திறந்த தரமாக அது வெளிவந்தது. 19 அங்குல ரேக்கில் 21 ஸ்லாட் வரை. அதிர்வுக்கு அசையாத, ஊசியும் துளையுமான இணைப்பான். தொழிற்சாலைகளும் ஆய்வகங்களும் அதை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் அதன் தொடக்கக் கால வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு கார்டின் முகவரியையும் அதிலுள்ள ஜம்பர்கள் எனும் சிறு இணைப்புத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தி மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். மையச் செயலி ஒரு முகவரியைத் தடங்களில் வைக்கும். அது எந்தக் கார்டுக்கு உரியதோ அது பதில் தரும். யாரும் தராவிட்டால் நேரம் முடிந்து பஸ் பிழை எழும். 'இங்கே யார் யார் இருக்கிறீர்கள்?' என்று கேட்க வழியே கிடையாது. பெயர்ப்பலகை இல்லாத தெருவில், வீட்டுக்காரர்களை ஏற்கெனவே அறிந்த தபால்காரர்தான் கடிதம் கொடுக்க முடியும், அதுபோல. குறையாகத் தோன்றும் இதை உலைக்கூடத்தில் நான் நல்ல குணமாகவே பார்க்கிறேன். எந்தக் கார்டு எங்கே இருக்கிறது என்பது வரைபடத்தில் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினி தானாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடமல்ல.

1992-இல் இன்டெல் கொண்டுவந்த பி.சி.ஐ. பஸ் இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் 256 பைட் கொண்ட ஒரு பகுதி. அதன் தொடக்கத்திலேயே தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் இருக்கும். கணினி விழித்ததும் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் ஸ்லாட் ஸ்லாட்டாகக் கேட்டுக்கொண்டே போகலாம்.

லினக்ஸ் கெர்னலில் வெகுகாலம் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனித்தனிக் கணக்கு. மடிக்கணினியைத் தூங்கவைக்க முயன்றபோதுதான் சிக்கல் முற்றியது. வட்டு முதலில் உறங்க வேண்டும், பிறகு அதன் கட்டுப்படுத்தி, அதன் பிறகே அது தொங்கும் பஸ். இந்த வரிசையைச் சொல்ல முழுச் சாதன மரமும் ஓரிடத்தில் வேண்டும். 2001-இல் பேட்ரிக் மோச்சல் அதற்கான வரைவை முன்வைத்தார். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் அது எல்லோர் கைக்கும் வந்தது.

அதில்தான் 'பஸ்' கெர்னலுக்குள் ஒரு பொருளாகப் பிறந்தது. அதற்கு ஒரு பெயர், தன்மேல் உள்ள சாதனங்களின் பட்டியல், அவற்றை இயக்க வந்த டிரைவர்களின் பட்டியல், இரண்டையும் பொருத்திப் பார்க்கும் 'மேட்ச்' என்ற செயற்கூறு. புதிய சாதனம் வந்தால் கெர்னல் டிரைவர் பட்டியலைத் துழாவும். புதிய டிரைவர் வந்தால் சாதனப் பட்டியலை. பொருந்தியது என்ற பதில் கிடைத்தால் சாதனத்தை டிரைவரின் கையில் ஒப்படைக்கும். எப்படிப் பொருத்துவது என்பது மட்டும் கெர்னலின் மையப் பகுதிக்குத் தெரியாது. அதை அந்தந்த பஸ்ஸுக்கே விட்டுவிட்டார்கள். அந்த வடிவமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த விட்டுக்கொடுத்தல்தான்.

2009-இல் மார்ட்டின் வெல்ச் எழுதிய வி.எம்.இ. பகுதி கெர்னலின் சோதனை முற்றமான 'ஸ்டேஜிங்'கில் சேர்ந்தது. முதலில் அது ஸ்லாட்டுகளை நம்பி நின்றது. ஒரு ஸ்லாட்டை ஒரு டிரைவர் உரிமை கோரிவிட்டால், அங்கே வேறு கார்டு செருகியிருந்தாலும் மற்ற டிரைவருக்கு இடமில்லை. ஜம்பர் கார்டுகளில் எந்த ஸ்லாட்டில் எது இருக்கிறது என்று கண்டறியவே முடியாதபோது, அப்படி மறுப்பதற்கு அடிப்படையே இல்லை. வி.எம்.இ. ரேக்குகள் நிறைந்த செர்ன் ஆய்வகத்திலிருந்து 2011-இல் வந்த திருத்தம் இதைச் சரிசெய்தது. பொருத்தும் உரிமையை பஸ்ஸிடமிருந்து எடுத்து டிரைவரிடமே கொடுத்தது. முகவரியைப் பயனர் சொல்வார், டிரைவர் 'இது என்னுடையது' என்று ஏற்கும், கெர்னல் ஒப்புக்கொள்ளும். பழைய ஐ.எஸ்.ஏ. கார்டுகளுக்கும் லினக்ஸில் இதே வழிதான்.

2012-இல் அந்தப் பகுதி சோதனை முற்றத்தைத் தாண்டிக் கெர்னலின் முறையான பகுதியானது. கவனிக்க ஆளில்லாமல் 2022-இல் மறுபடி ஸ்டேஜிங்குக்கே திரும்பியது. வி.எம்.இ. ரேக்கோடு பல்லாண்டு பழகியவர்கள் நம் ஆய்வகங்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அந்தக் கோப்புகளைத் திறந்து, பராமரிக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.